மூளையில் அடிபட்டவர்களும் எங்கண்ணனும்

ஆஸ்பத்திரி வார்டில் எடுபிடி வேலை பார்க்கிறவனுக்கு நோயாளியின் கால்பக்கம்தான் பாத்தியதை, தலைப்பக்கம் டாக்டருக்கு. ஸ்ட்ரெச்சர் தூக்கினால் நாங்கள் கால்பக்கம் பிடிப்போம். மூத்திரச் சட்டி எடுப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாமே இடுப்புக்குக் கீழேதான். அப்படி இருந்த என்னைத் தலைப்பக்கம் இழுத்துவிட்டவர் திண்டுக்கல்லில் எங்கள் டாக்டர். தலையில் அடிபட்டு வருகிறவர்களை ஆண்கள் வார்டின் ஜன்னலோரக் கட்டில்களில் போடச் சொல்லி, அவர்களைப் பார்த்துக்கொள்ள என்னை நிறுத்தினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நின்றவன் அறுபதுகள் முடியும்வரை அங்கேயே நின்றேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூளையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்தக் கட்டில்களில் படுத்திருந்தவர்களால் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்து, டாக்டர் முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள் நீங்களும் இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாடிக்கொம்புப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் ஆத்தா இறந்த அன்று அவள் காதில் கிடந்த தண்டட்டியைக் காணவில்லை. கருமாதிக்கு வந்த பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் எங்கண்ணன் பெருமாள் என் பக்கம் விரலை நீட்டி, "சின்னையாதான் கடைசியா ஆத்தா தலைமாட்டுல உட்கார்ந்திருந்தான்" என்றான். அண்ணனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். எனக்கு வரவில்லை. அன்றைக்கே பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டேன். அந்தக் குழந்தை ராசாத்தி வளர்ந்து, சாணார்பட்டியிலிருந்து நல்ல இடமாக ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் தண்டட்டிக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. "உங்க அண்ணன் வந்து, தம்பி எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், பாக்கு மாத்திக்கிருவோம்" என்றார். என் மகளின் கல்யாணம் எங்கண்ணன் வாயில் வந்து நின்றது அப்படித்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் மற்றவர்கள்.

முதல் தரிசனம்

பிரேத பரிசோதனைக்கு உதவி செய்கிற அந்தோணி ஒருநாள் காய்ச்சல் என்று வரவில்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மண்டை ஓட்டைச் சட்டிமூடி மாதிரி கழற்றியதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மூளை என்றால் கெட்டியாக, எலும்பு மாதிரி ஏதோ இருக்கும் என்று நினைத்திருந்தேன். இதுவோ இளநீர் வழுக்கையைவிடக் கொஞ்சம்தான் கெட்டி. சாம்பல் நிறம், மேலெல்லாம் மடிப்பு மடிப்பாக, நடுவில் வகிடெடுத்த மாதிரி ஒரு பிளவு. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில் வைத்தார். ஒரு சின்னப் பூசணிப் பிஞ்சின் கனம்தான்.

டாக்டருக்கு யாருக்காவது பாடம் சொல்லாமல் கை ஓடாது. முன்பக்கம் யோசிப்பதற்கு, பின்பக்கம் கண் பார்ப்பதற்கு, அடியில் தொங்குகிற சின்ன உருண்டை தள்ளாடாமல் நடப்பதற்கு, அதற்கும் கீழே விரல் தடிமனில் இருக்கிற தண்டு மூச்சு விடுவதற்கு என்று காட்டிக்கொண்டே போனார். கையில் இருந்தது முந்தின நாள் பஸ்ஸில் அடிபட்ட வெற்றிலை வியாபாரி. அந்த ஆளின் கோபம், கடன், பிள்ளை ஆசை எல்லாம் இதில்தான் இருந்ததா என்று குனிந்து பார்த்தேன். மறுநாள் அந்தோணியிடம் சொன்னேன். அவன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னான்: "வெளிய வந்துட்டா அது பாவம்ப்பா. உள்ள இருக்கிற வரைக்கும்தான் ஊரைக் கெடுக்கும்."

அடி ஒரு பக்கம், முடக்கம் ஒரு பக்கம்

தென்னை மரத்திலிருந்து விழுந்த ஒருவரைத் தோட்டத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இடது காதுக்கு மேலே மண்டை பிளந்திருந்தது. ஆளுக்கு நினைவு வந்தபோது வலது கையும் வலது காலும் அசையவில்லை. கூட வந்தவர்கள் காலில் எலும்பு முறிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் ஒரு நாட்டு வைத்தியரை ஜன்னல் வழியாக உள்ளே ஏற்றி, முட்டைப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து, எலும்பு முறியாத காலைக் கட்டு கட்டு என்று கட்டியிருந்தார்கள்.

டாக்டர் வந்து போட்ட சத்தத்தில் வைத்தியர் வந்த வழியே போய்விட்டார். பிறகு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூளையிலிருந்து இறங்குகிற நரம்புகள் கழுத்துக்கு மேலேயே பக்கம் மாறிவிடுமாம். இடது பாதி வலது உடம்பை ஆளும், வலது பாதி இடது உடம்பை ஆளும். நானும் அன்றுதான் கேட்டேன். எனக்கே தலை சுற்றியது. அந்த ஆளின் பெண்டாட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "அடி வாங்கினவன் ஒருத்தன், படுத்துக் கிடக்கிறவன் ஒருத்தனா? இது எந்த ஊரு நியாயம் சாமி?"

சாணார்பட்டி பஸ்ஸில் வந்தவர்

கிணறு வெட்டுகிற இடத்தில் வெடிவைத்த கல் தெறித்து ஒருவருக்கு உச்சந்தலையில் பட்டுவிட்டது. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பஸ் ஏறி, டிக்கெட் வாங்கி, இறங்கி, நடந்து, வெளிநோயாளிகள் வரிசையில் கடைசி ஆளாக நின்றார். கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போன நான் துண்டை விலக்கிப் பார்த்தேன். உள்ளே துடிக்கிறது. அந்தோணி இல்லாத அன்று என் கையில் இருந்தது இங்கே உயிரோடு துடிக்கிறது. உடம்பில் எங்கே வலித்தாலும் அதற்குத்தான் சேதி போகும். அதைத் தொட்டால் மட்டும் அதற்கு வலிக்காது என்று டாக்டர் அப்புறம் சொன்னார். நான் துண்டை விலக்கினபடி நிற்பதைப் பார்த்துவிட்டு அந்த ஆள் சொன்னார்: "ஒண்ணுமில்லைங்க, லேசா கனமா இருக்கு. முன்னால நிக்கிறவங்க போகட்டும், நான் செத்த நேரம் உட்கார்ந்துக்கிறேன்."

குடிக்காதவர் தள்ளாட்டம்

மதுவிலக்கு இருந்த காலம். குடித்தவர்களைப் பிடித்தால் போலீஸ்காரர்கள் டாக்டர் சர்டிபிகேட்டுக்காக எங்களிடம்தான் கூட்டி வருவார்கள். ஒரு நாள் காலையில் கழுத்தில் ஜெபமாலை போட்ட ஒரு தையல்காரரைப் பிடித்து வந்தார்கள். கோயில் பூசை முடிந்து வருகிறபோது தெருவை அளந்துகொண்டு நடந்தாராம். கால் இரண்டையும் அகட்டி வைத்து, பேச்சும் குழறி, பார்த்தவுடன் நானும் சரியான கிராக்கி என்றுதான் நினைத்தேன். சிஸ்டர் ஆரோக்கியமேரிதான் கிட்டே போய் முகர்ந்துவிட்டு, "வாசனையே இல்லையே" என்றார்.

டாக்டர் அவரைத் தன் மூக்கைத் தானே தொடச் சொன்னார். விரல் காதுப் பக்கம் போனது, மறுபடி கன்னத்துக்கு வந்தது. ஊசியில் நூல் கோத்தே பிழைத்தவருக்குத் தன் மூக்கு அகப்படவில்லை. பின்மண்டையில் இருக்கிற சிறுமூளையில் கட்டி என்று சொல்லி மதுரைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. தெருவில் எல்லாரும் பார்க்கக் குடிகாரன் என்று இழுத்து வரப்பட்டதுதான் அவர் திண்டுக்கல்லில் கடைசியாக நடந்த நடை. செய்யாததற்குப் பட்டம் வாங்கினவனுக்குத்தான் அதன் எரிச்சல் தெரியும். ஏட்டையாவுக்கு வேறு கவலை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "குடிக்காமலும் இப்படி நடக்கலாம்னா நாங்க யாரைப் பிடிக்கிறது சொல்லுங்க."

பிழைத்து வந்தது யார்

பூட்டுப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த ஒருவருக்கு இரும்புப் பிடி எகிறி நெற்றியில் அடித்துவிட்டது. பெயர் வேண்டாம். பொண்டாட்டியை 'ஏம்மா' என்று கூப்பிடுகிற ஆளாம். எதிரே பெரியவர்கள் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவாராம். முன்நெற்றி எலும்பு உள்ளே போயிருந்தது. டாக்டர் அதை எடுத்துவிட்டுத் தைத்தார். ஆள் எழுந்துவிட்டார். கை கால் நன்றாக இருந்தது, கணக்குக் கேட்டால் சரியாகச் சொன்னார், பழைய சங்கதி எல்லாம் நினைவில் இருந்தது. வார்டே சந்தோஷப்பட்டது.

பிறகு வாயைத் திறந்தார். சிஸ்டரைப் பார்த்துப் பேசின பேச்சு காதில் கேட்க முடியவில்லை. பக்கத்துக் கட்டில் சோற்றை அள்ளித் தின்றார். வேட்டி அவிழ்ந்தால் கட்ட மாட்டார். பொண்டாட்டி கண்ணீர் விட்டால் சிரித்தார். முன்மூளைதான் மனிதனுக்குக் கடிவாளம், அது அறுந்துவிட்டது என்றார் டாக்டர். வெட்கமும் மரியாதையும் வளர்ப்பிலே வருகிறது என்றல்லவா நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தோம்? அதுவும் சதைதான் என்றால் யாரை நம்புவது? வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு, புருஷன் பக்கத்தில் நின்று வெற்றிலையை என் காலடியில் துப்பிக்கொண்டிருக்க, அந்த அம்மாள் டாக்டரைக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு எப்பய்யா வருவாரு?"

வத்தலக்குண்டுச் சுமைக்காரர்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினவர். மூளைக்காய்ச்சலில் வந்து பிழைத்தார். பழசெல்லாம் நினைவிருக்கிறது, புதிதாக எதைச் சொன்னாலும் வாசல் தாண்டுவதற்குள் மறந்துவிடும். அதே காய்ச்சலில் அவர் சம்சாரம் இறந்துபோயிருந்தாள். "எங்கய்யா அவளைக் காணோம்?" என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். மாரில் அடித்துக்கொண்டு அழுதார். கஞ்சி வாங்கி வந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கய்யா அவளைக் காணோம்?" என்றார். மறுபடி சொன்னேன். மறுபடி முதல் தடவை கேட்கிற மாதிரியே அந்த அழுகை.

சிஸ்டர் என்னைத் தனியே இழுத்து, காபி வாங்கப் போயிருக்கிறாள் என்று சொல்லித் தொலைக்கச் சொன்னார். நினைவைப் புதிதாகப் பதிக்கிற இடம் காதுக்கு நேர் உள்ளே இருக்கிறதாம், காய்ச்சல் அதைத் தின்றுவிட்டதாம். எங்கண்ணன் நீட்டிய விரல் எனக்குத் தினமும் கண் முன்னால் நிற்கிறது. இவருக்குப் பெண்டாட்டி செத்தது கஞ்சி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. பொய் சொல்லப் பழகிக்கொண்டேன். அவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அவ காபி வாங்கப் போனா ஊர்க்கதை பேசாம வரமாட்டா."

எங்கண்ணன் வந்தான்

சாணார்பட்டிச் சம்பந்தம் நின்றுகொண்டிருந்ததைச் சொன்னேனே. பங்காளி ஒருவரை அண்ணனிடம் தூது அனுப்பியிருந்தேன். பதில் வந்தது: வெள்ளிக்கிழமை வாரேன், சொல்ல வேண்டியதைச் சொல்றேன். வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறப் போட்டார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஒரு கூண்டு வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நான் வழக்கப்படி கால்பக்கம் பிடித்தேன். தலைப்பக்கம் பார்த்தால் எங்கண்ணன்.

கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்துக்கொண்டிருந்தவன், மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்துவிட்டான் என்று மதினி சொன்னாள். வெளிக்காயம் ஒன்றுமில்லை. இடது மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, வலது கை கால் விழுந்துவிட்டது. நான் பயந்தது அதற்கல்ல. கண் விழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டான். உதடு துடித்தது. "அதான்" என்றான். தண்ணீர் வேண்டுமா என்றால் அதான். மதினி பெயர் என்ன என்றால் அதான். பேச்சு உட்கார்ந்திருக்கிற இடம் அநேகமாக எல்லாருக்கும் இடது பக்கம்தான் என்றும், கேட்பது புரியும், வார்த்தை மட்டும் வராது என்றும் டாக்டர் சொன்னார். அத்தனை பெரிய தலையில் அடைப்பு போய் உட்கார்ந்த இடத்தைப் பார்த்தீர்களா? நான் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு டாக்டர் தோளைத் தொட்டார்: "உயிருக்குப் பயமில்லை சின்னையா, பேச்சைத்தான் சொல்ல முடியாது."

கமலைப் பாட்டு

ஒரு நாள் காலை விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கிறேன், அண்ணன் பாடுகிறான். கமலைப் பாட்டு. பிள்ளையாரைக் கூப்பிடுவதிலிருந்து ஆரம்பித்து, மாட்டைக் கொஞ்சி, இறைக்கிற சால் எண்ணி, ஒரு வார்த்தை பிசகாமல், கணீரென்று. எனக்கு ரத்தம் கொதித்தது. தண்ணீர் என்று சொல்ல வராதவனுக்கு இத்தனை அடி வருகிறதா? எனக்காகச் சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்க நடிக்கிறான் என்றே நினைத்தேன். டாக்டரிடம் போய்ச் சொல்லியும்விட்டேன். அவர் வந்து கேட்டார், தலையாட்டினார். பாட்டும், வாய்ப்பழக்கமாய் எண்ணுவதும், வைகிற வசவும் வலது பக்கத்துத் துணையோடு பிழைத்துக்கொள்ளும். தானாக யோசித்துச் சொல்வதுதான் போகும் என்றார். நடிப்பில்லை, இந்த நோயே அப்படித்தான் என்றார்.

அப்படியென்றால் அதே வழியாக எடுத்துவிடலாமே என்று எனக்குத் தோன்றியது. வார்டு ஓய்ந்த நேரம் பார்த்துக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கமலை மெட்டிலேயே "தம்பி எடுக்கலை, தண்டட்டி எடுக்கலை" என்று இழுத்துப் பாடிக் காட்டினேன். அண்ணன் என் வாயையே பார்த்தான். முயன்றான், நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "தம்பீ..." என்று எடுத்தான். அடுத்த அடி மாட்டுக்குப் போய்விட்டது. மறுபடி பாடினேன். மறுபடி தம்பீ, மறுபடி மாடு. இப்படியே தினமும் ஓட்டினேன். ஒரு நாள் மதினி கஞ்சிச் சட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "தம்பி, நீங்க அவரை வைத்தியம் பாக்குறீகளா, கமலையில பூட்டுறீகளா?"

சாட்சிக்கு வந்தவர்கள்

சாணார்பட்டிக்காரர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். வாய் வராவிட்டால் தலையசைக்கலாமே என்று அவரையும், கருமாதியில் இருந்த பங்காளிகள் சிலரையும் பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குக் கூட்டி வந்தேன். யோசனை என்னுடையதுதான். ராசாத்தி பெரியப்பாவுக்குக் கஞ்சி எடுத்து வந்திருந்தாள். நான் கொண்டுவரச் சொல்லவில்லை, அவளாகவே தினமும் கொண்டுவந்தாள். எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். "அண்ணே, இவுகளுக்கு முன்னால சொல்லு. ஆத்தா தண்டட்டியை நான் எடுத்தேனா?" என்றேன். எங்கண்ணன் பலமாகத் தலையை மேலும் கீழும் ஆட்டினான். "அதான்" என்றான். இன்னொரு தடவை ஆட்டினான்.

சாணார்பட்டிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். சிஸ்டர் ஆரோக்கியமேரிதான் பாய்ந்து வந்து, செத்த இருங்க என்று அவரை நிறுத்தினார். அண்ணன் பக்கம் திரும்பி, "பெரியவரே, உங்களுக்குக் கொம்பு இருக்கா?" என்றார். அதான் என்று ஆட்டினான். நீங்க பொம்பளையா? ஆட்டினான். பங்காளிகள் சிரித்துவிட்டார்கள். இந்த நோய்க்கு ஆமாவும் இல்லையும் கலந்துபோகும், மனசில் ஒன்று இருக்கும், தலை ஒன்று ஆடும் என்று சிஸ்டர் சொன்னார். இதை எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம். இன்றுவரை அந்த அம்மாளிடம் அதைக் கேட்காமல்தான் இருக்கிறேன். திருட்டுப் பட்டம் போகவும் இல்லை, உறுதியாகவும் இல்லை, எல்லாரும் கிளம்பத் தயாரானார்கள்.

எங்கண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சிரித்தவர்கள் சிரிப்பு அவனுக்குப் புரிந்திருக்கிறது. இடது கையை நீட்டி ராசாத்தியைப் பக்கத்தில் இழுத்தான். அவள் குனிந்தாள். இடது கையை அவள் தலைமேல் வைக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான். சத்தியத்துக்கு இடது கை ஆகாது. விழுந்து கிடந்த வலது கையை இடது கையால் மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினான், அது நழுவியது. மறுபடி தூக்கினான். அந்தச் செத்த கையைக் கொண்டுபோய் என் மகள் உச்சந்தலையில் வைத்து, மேலே இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சாணார்பட்டிக்காரர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எடுத்தான்னு சொல்றவன் விரலைத்தான் நீட்டுவான். எடுத்தவன் பெத்த புள்ளை தலையில கை வைக்க மாட்டான். வெத்தலை பாக்கு எங்க சம்பந்தி?"

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது, எங்கண்ணனும் அந்த 'அதான்' ஒன்றோடு போய்ச் சேர்ந்துவிட்டான், ஆனால் மூளை எத்தனை வழி வைத்திருந்தாலும் என் அண்ணன் வாயால் வரவேண்டியது வாயால் வரவில்லை என்பதை நான் இன்னும் விடவில்லை.